நாற்பது வேலியும் ஒரு தராசும்

மாயவரத்துக்கு வடக்கே, சீர்காழி ரயில் பாதையில் ஆனந்ததாண்டவபுரம் என்று ஒரு சின்ன ஊர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி பல காலம் வாழ்ந்த ஊர் அது. சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவார் கதையில் பண்ணையும் கிடையாது, பண்ணைக்கார வேதியரும் கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில், ஊர் விட்ட மானிய நிலத்தை வைத்துக்கொண்டு, கோயில் முரசுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவந்த ஒரு மனிதரின் கதை அது. சிதம்பரத்துக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று அவர் தள்ளிப்போட்டதற்குக் காரணம் பிறப்பின்மேல் மற்றவர்கள் வைத்த தடை. வேலையைத் தடையாகக் கொண்டுவந்தது பாரதி. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அந்தக் கீர்த்தனையில்தான் நந்தன் பண்ணையாள் ஆகிறான். ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கிறான். ஆண்டை நாற்பது வேலி நிலத்து வேலையைத் தலையில் கட்டி, முடித்துவிட்டுப் போ என்கிறான்.

பாரதி இதை ஆகாயத்திலிருந்து எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த வயலைத்தான் எழுதியிருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கதையையே ஏற்றுக்கொள்ளவில்லை. நந்தன் ஒரு பௌத்த அரசன் என்று இந்திரர் தேச சரித்திரத்தில் எழுதினார். அந்த விவாதம் நம் பத்திரிகைகளில் நிறைய நடந்துவிட்டது. நான் இங்கே அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த நாற்பது வேலி மட்டும்.

ஒரு வேலி என்றால் 20 மா. மூன்று மா ஒரு ஏக்கர். ஆக ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, நாற்பது வேலி ஏறக்குறைய 266 ஏக்கர். ஒரு ஏக்கர் நடவுக்குக் குறைந்தது பத்துப் பெண்கள் என்று வைத்துக்கொண்டாலும் நடவுக்கு மட்டும் 2,600 ஆளுக்கு மேல் வேண்டும். உழவு, பறிப்பு, களை, அறுப்பு, கட்டு தூக்குவது, போரடிப்பது எல்லாம் தனி. இத்தனையும் ஒருவன் தலையில்.

இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியது ஒரு ரேஷன் கடை விற்பனையாளர். எங்கள் தெருப் பெண். உறவு முறையில் எனக்குத் தங்கச்சி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வேலையில் இருக்கிற பெண். கடை காவிரிக்கு வடகரையில், குடியானத் தெருவில் இருக்கிறது. அவளைப் பார்க்கப் போனபோது பில் போடுகிற தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நந்தன் கதைய சின்னப் புள்ளைல ஆயா சொல்லும். ராத்திரியோட ராத்திரியா பூதகணம் வந்து அறுத்துப் போட்டுட்டுப் போச்சுன்னு. அப்ப அதக் கேட்டு சந்தோசமா இருக்கும். இப்ப யோசிச்சா கோவம் வருது. பூதம் வந்து வேலைய முடிச்சிட்டா ஆண்டை சொன்னது நியாயம்னு ஆயிடுதுல்ல? முடியாததச் சொன்னான்னு யாரும் கேக்கலியே."

இதைப் பல்கலைக்கழகத்து ஆய்வேடு எதிலும் நான் படித்ததில்லை.

அவள் கணக்கைச் சொல்கிறேன். தாய்க்கடையில் எண்ணூறு அட்டைக்கு மேல். இன்னொரு ஊரில் பகுதிநேரக் கடை ஒன்று, அதில் முன்னூறு அட்டை. இரண்டுக்கும் அவள் ஒருத்திதான் விற்பனையாளர். கடையில் கட்டுநர் என்று ஒருவர் இருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்து, அளந்து, பையில் கொட்டுகிறவர் அவர்தான். அவள் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடம் காலி. தாய்க்கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது அட்டை, ஒரு அட்டைக்குச் சராசரி 15 கிலோ அரிசி என்றாலே 750 கிலோ. பதினைந்து மூட்டை. அதோடு சர்க்கரை, கோதுமை, பருப்பு, பாமாயில் பாக்கெட். பில்லும் அவள், எடையும் அவள், பதிவேடும் அவள், சாக்கை உதறி மடித்துக் கணக்கு வைப்பதும் அவள். வரிசையில் நிற்கிற நாற்பது பேருக்குப் பதில் சொல்லும் வாயும் அவளுடையது ஒன்றுதான்.

2022இல் மாவட்டம்தோறும் விற்பனையாளர், கட்டுநர் பணிக்கு அறிவிப்பு வந்தது. விற்பனையாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, முதல் வருடம் தொகுப்பூதியம் 6,250 ரூபாய். கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு, 5,500 ரூபாய். எம்.ஏ., எம்.எஸ்சி. படித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த நேர்முகத் தேர்வு வரிசையில் நின்றார்கள் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். என் தங்கச்சி அதற்கு முன்பே சேர்ந்தவள். பி.காம். படித்தவள். அவளுடைய தாத்தா பண்ணையாள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தஞ்சை ஜில்லாவில் சேரியின் வரலாற்றை அளவுகளின் வரலாறாக எழுதலாம் என்பது என் எண்ணம். மரக்கால், படி, கலம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. கூலி நெல்லாகத்தான் வரும். களத்தில் ஆண்டை வீட்டுக் காரியக்காரர் அளந்து போடுவார். எங்கள் ஆயா சொன்னது: பண்ணை வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும். குத்தகை வாங்க ஒன்று, கூலி கொடுக்க ஒன்று. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. கூலி மரக்காலுக்கு உள்ளே அடித்தட்டு மேலே ஏறியிருக்கும். "அளக்கும்போது 'லாபம்'னு சொல்லி ஆரம்பிப்பான். ஒண்ணுன்னு சொல்ல மாட்டான். யாருக்கு லாபம்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பும். அளவு சரியில்லை என்று வாயெடுத்தவனுக்குக் கிடைத்தது சவுக்கடியும் சாணிப்பாலும்.

அந்த இரண்டையும் நிறுத்த வேண்டும் என்று 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. சீனிவாசராவ் கீழத்தஞ்சைச் சேரிகளில் சங்கம் கட்டத் தொடங்கி அதிக நாள் ஆகியிருக்காத காலம். 1948இல் கூலி விஷயமாக இன்னொரு ஒப்பந்தம், அது மாயூரம் ஒப்பந்தம் என்றே பெயர் பெற்றது. 1952இல் ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்த மிராசுதார்களுக்கே அது பொருந்தும். சட்டம் வந்ததும் மிராசுதார்கள் செய்த முதல் காரியம், பண்ணையாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அன்றாடக் கூலியாக ஆக்கியது. பாதுகாக்கப்பட வேண்டிய ஆளே இல்லையென்றால் பாதுகாப்புச் சட்டம் எதற்கு?

அதே 1952 ஜூனில்தான் ராஜாஜி ரேஷனை எடுத்தார். யுத்த காலத்தில் வந்த ரேஷன் அது. பிறகு அறுபதுகளின் நடுவில் பஞ்சம். நாடு முழுவதும் அரிசிக்கு அலைந்த நேரத்தில் இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14இல் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ஏன் தஞ்சாவூர் என்று சொல்ல வேண்டியதில்லை. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி என்று வாக்குக் கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். அந்த அரிசி விளைந்த கீழத்தஞ்சையில், மறு வருடம், கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டவர்களின் சேரியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. பட்டணத்தில் ஒரு படி அரிசி அரசியல் ஆயிற்று, எங்கள் ஜில்லாவில் அரைப்படி நெல் கொலைக்குக் காரணமாயிற்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிற வரலாற்றுப் புத்தகம் எதுவும் என் கைக்கு இன்னும் வரவில்லை. நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது, அதாவது 44 பேர் செத்த பிறகு.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் கடை நடத்தத் தொடங்கின. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். இந்த அரிசி சேரிக்கு என்ன செய்தது என்பதை நகரத்துப் பத்திரிகைகள் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. இலவச அரிசியால் ஆள் கிடைக்கவில்லை, உழைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று டீக்கடையில் அங்கலாய்ப்பவர்களை நாம் இன்னும் பார்க்கிறோம். அவர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. வீட்டில் அரிசி இருந்தால், மரக்காலைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுகிறவன் பின்னால் அன்றைக்கே ஓட வேண்டியதில்லை. கூலியைப் பேசலாம். ஆயாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு நாள் அவகாசத்தை ரேஷன் கடை கொடுத்தது. அதனால்தான் ரேஷன் கடையைக் குறை சொல்லி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. இந்தக் கடை வேண்டும். இதில் வேலை செய்கிறவள் செத்துப்போகாமல் இருக்கவும் வேண்டும்.

தங்கச்சி சொல்வதை அப்படியே தருகிறேன்.

"கொரோனா வந்தப்போ ஊரே கதவச் சாத்திக்கிச்சு, நாங்க தொறந்து வச்சிருந்தோம். 2020 ஏப்ரல்ல ஆயிரம் ரூபா, வீடு வீடாப் போயி டோக்கன் குடுக்கணும். மறு வருசம் பொங்கலுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு. அப்புறம் ரெண்டாயிரம், ரெண்டாயிரமா நாலாயிரம். 2022 பொங்கலுக்கு 21 சாமான். 2023ல மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பம், அதயும் நாங்கதான் கொண்டு போயி குடுத்தோம். எல்லாம் நல்லதுதான்ணே, நான் வேணாங்கல. எங்க அம்மாவுக்கும் ஆயிரம் ரூபா வருது. ஆனா ஒவ்வொண்ணு வரும்போதும் கடையில நான் ஒருத்திதான் இருந்தேன். மாசம் ஒண்ணு வந்தா வயித்தக் கலக்கும். ராத்திரி தூக்கத்துல பில்லு போடுவேன். வீட்டுக்காரரு எழுப்பிவுடுவாரு, 'யாருகிட்ட பேசுற'ன்னு. கார்டு நம்பரு சொல்லிக்கிட்டிருந்தேனாம்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒருநாள் சர்வர் வேலை செய்யல. காலைல எட்டு மணிலேர்ந்து வரிசை. பதினோரு மணிக்கு ஒரு ஆயா, நம்ம தெரு ஆயாதான், 'பாப்பா, நாத்துப் பறிக்கப் போவணும், முதல்ல போட்டு வுடு'ன்னுச்சு. நான் கத்திட்டேன். 'நாத்து எங்க போயிடும், நில்லு'ன்னு. சொல்லி முடிச்சதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு, அது என் கொரல் இல்ல. அது காரியக்காரன் கொரல். எங்க தாத்தாவ எப்படிப் பேசியிருப்பானோ அப்படி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல."

இந்த இடத்தைப் படிக்கிற தோழர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வேலையில் ஓய்ந்துபோவதைப் பற்றி மேல்நாட்டில் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1974இல் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளவியல் மருத்துவர், நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்தவர்கள் எரிந்து அடங்கிப்போவதைப் பார்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் அதற்கு விளக்கம் எழுதியது. உடல் மன வலு தீர்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் எதுவும் ஆகாது என்று தோன்றுவது. இது நோய் அல்ல, வேலைத்தலம் சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றும் சொன்னது. அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஆளிடம் கோளாறு இல்லை, வேலை வைத்திருக்கிற விதத்தில் கோளாறு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். நம் ஊரில் ஓய்ந்துபோனவருக்கு யோகா வகுப்பு வைக்கிறார்கள். காலி இடத்துக்கு ஆள் போடுவதில்லை.

1983இல் ஹாக்ஷீல்ட் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சம்பளத்துக்காகச் சிரிப்பதும், வாடிக்கையாளர் என்ன பேசினாலும் உள்ளே வருகிற கோபத்தை அமுக்கிக்கொள்வதும் ஒரு உழைப்புதான், அதுவும் விற்கப்படுகிறது என்றார். அவர் ஆராய்ந்த விமானக் கம்பெனியின் பெயர் டெல்டா. நாமும் டெல்டாக்காரர்கள்தாம். துண்டை அக்குளில் இடுக்கி, வாயைப் பொத்தி, நாலு எட்டு தள்ளி நின்று, அடிபட்ட பிறகும் "உத்தரவு ஆண்டே" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டிய உழைப்பை எங்கள் தாத்தாக்கள் விமானம் கண்டுபிடிப்பதற்கு முன்பே செய்தார்கள். அதற்குக் கூலி கிடையாது. முகம் மாறினால் கூலி கிடையாது என்பதுதான் இருந்தது.

ஆகவே கவுண்டருக்குப் பின்னால் ஒரு தலித் பெண் நிற்கும்போது அவள் அமுக்குகிற கோபத்துக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பக்கத்துக் கடை விற்பனையாளர் எரிந்து விழுந்தால், "பாவம், வேலை ஜாஸ்தி" என்பார்கள். இவள் எரிந்து விழுந்தால் "உக்கார வச்ச இடம் அப்படி" என்பார்கள். இருப்பில் அஞ்சு கிலோ குறைந்தால் மற்றவர்களுக்கு அபராதம். இவளுக்கு அபராதமும் பேச்சும். அதனால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனம். இரவில் கடையைப் பூட்டிவிட்டு, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பாதி வழி வந்த பிறகும் திரும்பிப் போயிருக்கிறாள். ஆள் பற்றாக்குறை எல்லாருக்கும்தான், இந்த இரண்டாவது உழைப்பு எல்லாருக்கும் கிடையாது.

குடியானத் தெருக் கடை என்று சொன்னேன். அவள் சேர்ந்த புதிதில் சிலர் காசை மேசையில் வைப்பார்கள், கையில் தர மாட்டார்கள். சிலர், "நீ பில்லு போடு, அரிசிய நாங்களே அள்ளிக்கிறோம்" என்பார்கள். அள்ளிக்கொள்ளட்டும், தூக்குகிற வேலை மிச்சம் என்று அவளும் விட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு கைரேகை வந்தது. இந்தக் கைரேகையில் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, வயல் வேலை செய்த கையில் ரேகை விழுவதில்லை. நாற்றுப் பறித்து, சேற்றிலேயே கிடந்து, அரிவாள் பிடித்துத் தேய்ந்த விரல். மிராசுதார் வீட்டு விரல் ஒரே தடவையில் விழுகிறது. சேரி ஆயாவின் விரல் பத்துத் தடவை வைத்தாலும் விழாது. எண்ணெய் தடவு, துணியில் துடை, அடுத்த விரல் வை என்று ஒரு அட்டைக்குப் பத்து நிமிடம். வரிசை நீள்கிறது, திட்டு தங்கச்சிக்கு விழுகிறது. உழைத்ததற்கு அடையாளமாகத் தேய்ந்த விரலே ஆளை அடையாளம் இல்லாதவராக ஆக்கிவிடுகிறது.

இரண்டாவது விஷயம். வயதானவர்களுக்கு விரலைக் கருவியில் சரியாக வைக்கத் தெரியாது, கை நடுங்கும். விற்பனையாளர் விரலைப் பிடித்து அழுத்தி வைக்க வேண்டும். காசைக் கையில் தராத வீட்டு அம்மாவின் விரலை இவள் பிடிக்க வேண்டும்.

"மொத தடவ கைய இழுத்துக்கிச்சு அந்தம்மா. நான் ஒண்ணும் சொல்லல. தானா வச்சுப் பாத்துச்சு, விழல. திரும்ப வச்சுச்சு, விழல. பின்னால நிக்கிறவங்க சத்தம் போட ஆரம்பிச்சாங்க. அப்புறம் தலையத் திருப்பிக்கிட்டு கைய நீட்டிச்சு. நான் புடிச்சு அமுத்துனேன். பச்ச வெளக்கு எரிஞ்சுச்சு. வீட்டுக்குப் போயி குளிச்சிருக்கும். குளிக்கட்டும். மாசா மாசம் குளிக்கட்டும். இப்பல்லாம் கைய இழுக்கிறதில்ல. சில நேரம் 'ஒனக்குக் கை சுடுதே, காச்சலா'ன்னு கேக்குது."

தீண்டாமை ஒழிப்புக் கூட்டங்களில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். இந்தக் கருவியைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரும் தீண்டாமையை ஒழிப்பதற்காக இதைக் கொண்டுவரவில்லை. திருட்டைத் தடுக்கக் கொண்டுவந்தார்கள். சந்தேகம்தான் அதற்கு அடிப்படை. அந்தச் சந்தேகத்தின் நடுவிலிருந்து இப்படி ஒன்று வருகிறது. அவளுக்கு உண்மையாகவே அன்றைக்குக் காய்ச்சல் இருந்தது. விடுப்பு எடுக்க முடியாது. எடுத்தால் கடை மூடும், கடை மூடினால் புகார் போகும்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது. மிக நல்ல திட்டம். படுத்த படுக்கையாகக் கிடக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு அரிசி வாசலுக்கு வந்தது. தாயும் ஆனவர் என்று பெயர். தங்கச்சியோ விற்பனையாளரும் ஆனவள், கட்டுநரும் ஆனவள். தாயாக இருக்க அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது, அதிலும் இந்த நடை சேர்ந்துகொண்டது. அதே வருடம் தராசையும் பில் கருவியையும் இணைத்தார்கள். எடை சரியாக விழுந்தால்தான் பில் வரும். பத்து கிராம் கூடினாலும் அள்ளிக் குறைக்க வேண்டும், குறைந்தாலும் போட வேண்டும். ஆயாவின் மரக்காலை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம்! நமக்கு அளந்து போடுவதில் ஒரு அரிசி குறையக் கூடாது என்று அரசாங்கமே தராசைக் கட்டிப்போடுகிறது. ஆனால் கிடங்கிலிருந்து கடைக்கு வருகிற மூட்டையில் அந்தக் கறார் இருக்கிறதா என்று கேட்டால், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். ஐம்பது கிலோ மூட்டை ஐம்பது கிலோவாக வராது என்பது அவளுடைய பல வருடப் புகார். குறைவது அவள் கணக்கில். இரண்டு மரக்கால் இன்னும் இருக்கிறது என்கிறாள், உள்ளே தட்டு ஏறிய மரக்கால் இப்போது சேரிக்கும் குடியானத் தெருவுக்கும் நடுவில் இல்லை, கிடங்குக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது என்கிறாள்.

எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். பெரிதாகப் பதில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

மதியம் பதினைந்து நிமிடம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் யார் வந்து தட்டினாலும் எழுவதில்லை. முதலில் அதற்கே சண்டை வந்தது. "ஆண்டைகூட கஞ்சி நேரம் வுட்டான்" என்று சொல்லியிருக்கிறாள். கத்திய ஆயாவின் வீட்டுக்கு மறுநாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, ஆயா முருங்கைக்கீரை ஒடித்துக் கொடுத்தனுப்பியது. அதற்குப் பிறகு வரிசையில் நிற்கிற நம் தெருப் பெண்கள் இரண்டு பேர் முறை வைத்துச் சாக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். நடவில் பின்தங்குகிறவளுடைய பத்தியைப் பக்கத்தில் நடுகிறவள் சேர்த்து நட்டுக் கொடுப்பாள் அல்லவா, அந்தப் பழக்கம். இதுவும் எனக்கு முழுச் சம்மதமில்லை. அரசாங்கம் 5,500 ரூபாய் கொடுத்து வைக்க வேண்டிய கட்டுநரின் வேலையை, கூலியில்லாமல் திரும்பவும் சேரிப் பெண்களே செய்கிறார்கள். சொன்னேன். "அப்ப நீங்க வந்து புடிங்கண்ணே" என்றாள்.

இன்னொன்று, நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு, லாரியில் வருகிற மூட்டைகளில் மூன்றை எடுத்து எடை போட்டு எழுதுகிறாள். லாரிக்காரர் அவசரப்படுத்துவார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு தடவை நின்றாள். அரைமணி நேரம். அன்றைக்குச் சங்கத்திலிருந்து போன் வந்தது, ஏச்சு விழுந்தது. ஆனாலும் அடுத்த மாதத்திலிருந்து லாரிக்காரர் மூன்று மூட்டைக்கும் காத்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் இன்னும் நாலைந்து கடைக்காரர்கள் நோட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. பணியாளர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறாள். காலிப் பணியிடம், சரியான எடை, இரண்டும்தான் அங்கே பேச்சு. இவளைப் பேசச் சொன்னபோது நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த 1946 தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்று இருந்ததை 48 ஆக்கியது. அது தொழிற்சாலைகளுக்கு. ஆனால் வேலைக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் இருப்பது ஆளின் சொந்த நேரம் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. நந்தனுக்குக் கிடைக்காதது அந்த எல்லைதான். ஆண்டைக்கு நாற்பது வேலி விளைச்சல் வேண்டியிருக்கவில்லை. நந்தன் சிதம்பரம் போகக் கூடாது, அதுதான் வேண்டியிருந்தது. வேலை வெறும் சாக்கு. ரேஷன் கடையில் ஆள் போடாமல் இருப்பவர்கள் யாரையும் எங்கேயும் போகக் கூடாது என்று திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தங்கச்சி குரூப் பரீட்சைக்குப் படிக்க வாங்கிய புத்தகங்கள் கடையில் சாக்குக் கட்டுக்குப் பக்கத்தில் மூன்று வருடமாக இருக்கின்றன. மேலே அரிசித் தூசு.

அவளுடைய நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. ஆயா சொன்ன இரண்டு மரக்கால் கதை எந்த ஆவணத்திலும் இல்லை. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் 1991இலிருந்து நாகப்பட்டினம், அதற்கும் முன் தஞ்சாவூர். எந்த மாவட்டத்துப் பழைய கோப்பில் தேடினாலும் மிராசுதார் சொன்ன கூலிக் கணக்கு கிடைக்கும். வாங்கியவர்கள் சொன்ன கணக்கு கிடைக்காது. குத்தாலம், செம்பனார்கோயில், மணல்மேடு, சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்துச் சேரிகளில் பண்ணைக் களத்தில் கூலி அளந்து வாங்கிய ஆயாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். மரக்கால் எப்படி இருந்தது, எத்தனை படி பிடித்தது, அளந்தவன் என்ன சொன்னான், இவர்கள் என்ன சொன்னார்கள் அல்லது சொல்லாமல் விட்டார்கள் என்பதை, இந்தப் பக்கங்களைப் படிக்கிற மாணவர்கள் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அவர்களில் பெரும்பாலானவர்களை மாத முதல் வாரத்தில் ரேஷன் கடை வரிசையில் பார்க்கலாம். பேசுகிற நேரத்துக்குச் சாக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள்.